மணிக்கட்டில் இருக்கிறது பறை

தோழர்களே,

கொஞ்ச நாளாகவே பலரும் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "பறை கத்துக்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" கல்லூரி விடுதியிலிருந்து கேட்கிறீர்கள், வாசகர் வட்டத்திலிருந்து கேட்கிறீர்கள், ஏப்ரல் 14 நெருங்கும்போது அவசரமாகவும் கேட்கிறீர்கள். பதில் எழுத உட்கார்ந்தால், நாங்கள் தலைகுனிந்து நின்ற ஒரு நாளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆணவக்கொலைகளுக்கு எதிராகத் தனிச்சட்டம் கேட்டு விருத்தாசலத்தில் ஓர் ஆர்ப்பாட்டம். இந்தக் கோரிக்கை எங்களுக்குச் செய்தித்தாளில் படித்த விஷயம் அல்ல. 2003இல் சாதி மாறி மணந்துகொண்ட கண்ணகி, முருகேசன் இருவரையும் நஞ்சு ஊற்றிக் கொன்றது இதே விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில்தான். கடலூர் நீதிமன்றம் தண்டனை சொல்ல 2021 வரை, 18 ஆண்டுகள் ஆயின. அந்தக் கோபத்தோடுதான் அன்று இரவல் வாங்கிய ஐந்து பறைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நின்றோம். யாரும் பழகியதில்லை. இரண்டு காணொளி பார்த்திருந்தோம், அவ்வளவுதான்.

முதல் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் போனது. பத்தாவது நிமிடத்தில் ஆளுக்கொரு வேகம். ஒருவருக்குக் கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்தது. இன்னொருவர் குச்சியை நழுவவிட்டார், அது போய்க் காவலர் ஒருவரின் காலடியில் விழுந்தது. முழக்கமும் பறையும் ஒன்றையொன்று இழுத்துத் தள்ளின. கூட்டம் கலைந்தபின், ஓரமாக நின்றிருந்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வந்தார். "ஆத்திரம் இருக்கு தம்பி, அடி இல்லையே" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பயிற்சி தொடங்கினோம்.

எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலுக்கும் மணிமுத்தாற்றுக்கும் பேர்போன ஊர். பிழைப்புக்கு அது பீங்கான் ஊர். பீங்கான் தொழிற்பேட்டையின் சின்னச் சின்னப் பட்டறைகளில் பொம்மையும், பியூஸ் கட்டையும், மின்கம்பத்தில் மாட்டும் பீங்கானும் செய்கிறார்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் அங்கே வேலை பார்க்கிறவர்கள். கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அது இறுகியதும் அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுப்பது, பிசிறு சீவுவது, வண்ணம் தீட்டுவது என்று ஆறு நாளும் கைக்கு வேலை. மீதிப் பேர் கல்லூரி மாணவர்கள். ஒருவர் பேண்டு செட்டில் சைடு டிரம் வாசிப்பவர். சமூகவியல் முதுகலை முடித்துச் சமூகப்பணிக்கு வந்தவர்களும் உண்டு, இதை எழுதுவது அந்தக் கை. உடைந்த பீங்கான் கொட்டிக் கிடக்கும் ஒரு திடல்தான் எங்கள் பயிற்சிக்கூடம்.

ஆசான் வேண்டும் என்று அந்தப் பெரியவரிடமே போனோம். அவர் மறுத்துவிட்டார்.

"எங்கப்பன் அடிச்சாரு, நான் அடிச்சேன். ஊர்ல எந்த வூட்ல உசுரு போனாலும் வாசல்ல ஆள் வந்து நிப்பான். வரலேன்னு சொல்ல முடியாது. எம்பொண்ணுக்கு நிச்சயம் பண்ற அன்னிக்கும் வந்து நின்னான். மாப்ள வூட்டுக்காரங்க உக்காந்திருக்காங்க, நான் மேளத்தத் தூக்கிக்கிட்டுப் போறேன். திரும்பி வந்தப்ப பொழுது சாஞ்சிடுச்சு, அவங்க சாப்புடாம போயிட்டாங்க. அன்னிக்குப் பரண்ல போட்டதுதான். அத விட்டுத்தான்டா தல நிமிந்தோம். நீங்க ஏன் மறுபடி எடுத்துத் தோள்ல மாட்டுறீங்க?"

எங்களிடம் பதில் இல்லை. இந்தக் கேள்வியைத் தாண்டாமல் யாரும் பறையைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம். பறையடிக்க மறுத்தது தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு போராட்டம். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடி வாங்கியவர்கள், வேலையை இழந்தவர்கள் நம் தாத்தாக்கள். இன்னொரு பக்கம், 1990களில் மதுரையில் நடந்த தலித் கலைவிழாக்கள் அதே பறையை மேடையில் ஏற்றின. 1990இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம், பெண்கள் தொடவே கூடாது என்றிருந்த கருவியைத் தலித் பெண்களின் கையில் கொடுத்தது. விட்டவர்களும் சரி, எடுத்தவர்களும் சரி, கேட்டது ஒன்றைத்தான்: எப்போது அடிப்பது, யாருக்காக அடிப்பது என்பதை நாங்களே முடிவு செய்வோம்.

இதை நாங்கள் பெரியவரிடம் விளக்கிச் சொல்லி அவர் மனம் மாறியதாக நினைத்துவிடாதீர்கள். நாங்கள் தப்பாக அடித்துக்கொண்டிருந்தோம், அவரால் அதைச் சகிக்க முடியவில்லை. மூன்றாவது ஞாயிறு திடல் ஓரத்துக் கல்லில் வந்து உட்கார்ந்தார். நான்காவது ஞாயிறு எழுந்து வந்து ஒரு பையனின் மணிக்கட்டைப் பிடித்தார். "கோடாலி புடிக்கிற மாதிரி புடிக்காத. குச்சி ஓடிப்போயிடுமா?"

அவரிடம் கற்றதையும் நாங்களாகச் சேர்த்ததையும் இனி வரிசையாகச் சொல்கிறோம்.

முதல் இரண்டு வாரம் பறையே வேண்டாம். குச்சி இரண்டு போதும். வலது கைக்கு அடிக்குச்சி, குட்டையாக, தடிமனாக இருக்கும். பெரும்பாலும் பூவரசில் சீவுவார்கள். இடது கைக்குச் சிண்டுக்குச்சி, மூங்கிலில் சீவிய நீளமான மெல்லிய குச்சி. இடக்கைக்காரர்கள் மாற்றிப் பிடிக்கலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்தான் பிடி. மற்ற மூன்று விரலும் குச்சியைத் தொட்டுக்கொண்டு இருந்தால் போதும், இறுக்கக்கூடாது. சரியாகப் பிடித்திருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பக்கத்தில் நிற்பவர் குச்சி நுனியை மெதுவாக இழுக்கட்டும். கையோடு சேர்ந்து வந்தால் பிடி இறுக்கம், தானாக நழுவி விழுந்தால் தளர்வு. லேசாகத் தடுத்து, பிறகு உருவிக்கொண்டு வர வேண்டும்.

குச்சி எடுக்கும் முன் ஐந்து நிமிடம் உடம்புக்கு. கைகளைத் தொங்கவிட்டுத் தண்ணீர் உதறுவதுபோல் உதறுங்கள். மணிக்கட்டை இரு பக்கமும் பத்துப் பத்துச் சுற்று. விரல்களை விரித்து மூட இருபது முறை. தோளை முன்னும் பின்னும் சுழற்றுங்கள், கழுத்தை மெதுவாக இரு பக்கமும் சாயுங்கள். பறை இடது தோளில் தொங்கும், பழகாதவர்களுக்கு முதலில் வலிப்பது கை அல்ல, தோளும் கழுத்தும்தான். பட்டறையில் நாள் முழுக்க அச்சுத் தூக்கிவிட்டு வருகிற தோழர்கள் இதை ஒருநாளும் விடக்கூடாது.

பிறகு குச்சி. பழைய டயரிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பலகையில் ஆணியடித்துக்கொண்டோம், அதுதான் எங்கள் பயிற்சிப் பலகை. அதுவும் இல்லையென்றால் சொந்தத் தொடை. வலது கையால் எட்டு, இடது கையால் எட்டு. பிறகு நான்கு நான்கு, இரண்டு இரண்டு, கடைசியில் ஒன்று ஒன்று. கைபேசியில் தாளக்கணக்கி செயலி இருந்தால் நிமிடத்துக்கு 60இல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைக்கும் ஒரே உயரம், ஒரே ஓசை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது வலது, எது இடது என்று தெரியக்கூடாது. எங்களுக்கு அது வர ஐந்து வாரம் ஆனது. இடது கை எப்போதும் பின்தங்கும். ஆகவே இடது கைக்கு ஒரு பங்கு கூடுதல் பயிற்சி கொடுங்கள்.

அடித்ததும் குச்சியை அங்கேயே அழுத்தி வைக்காதீர்கள். இது எங்களில் யாருக்கும் புரியவில்லை. பொம்மைப் பட்டறையில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்திதான் புரியவைத்தாள். ஈரக் களிமண் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து அடித்துக் காட்டினாள். குச்சி அதிலேயே புதைந்து நின்றது. பிறகு டயரில் அடித்தாள், குச்சி துள்ளி மேலே வந்தது. "தோல் நம்ம குச்சியத் திருப்பிக் குடுக்குதுண்ணே. நாம வாங்கிக்கிட்டா போதும். நாமதான் களிமண்ணு மாதிரி அழுத்திக்கிட்டு நிக்கிறோம்." அன்றிலிருந்து கொப்புளம் குறைந்தது. வேகம் என்பது பலத்தால் வருவது என்று நினைத்திருந்தோம். திரும்பி வருகிற குச்சியைத் தடுக்காமல் விட்டால் பாதி வேகம் தானாக வந்துவிடுகிறது.

அடுத்தது சொல். கையில் அடிப்பதை முதலில் வாயில் சொல்ல வேண்டும். சொற்கட்டு ஆசானுக்கு ஆசான் மாறும். எங்கள் வகுப்பில் அடிக்குச்சிக்கு 'த', சிண்டுக்குச்சிக்கு 'கு', இரண்டும் சேர்ந்து விழுந்தால் 'தீம்' என்று வைத்துக்கொண்டோம். தினப் பாடம் இவ்வளவுதான்:

த த த த, கு கு கு கு.
த கு த கு.
த த கு கு.
த கு கு, த கு கு.
த கு த த, கு த கு கு.

ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். முதலில் மெதுவாகவும் மென்மையாகவும், பிறகு மெதுவாகவே உரத்து, அதற்குப் பிறகுதான் வேகம். பிசகாமல் வந்தால் மட்டும் வேகத்தை 5 ஏற்றுங்கள். பிசகினால் வெட்கப்படாமல் இறக்குங்கள். களைப்பு வந்தால் தொடரலாம். மணிக்கட்டிலோ முழங்கையிலோ சுருக்கென்று வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

பலகையில் நின்ற பிறகு பறை. வலது கை கீழிருந்து மேல்நோக்கி வந்து தோலின் நடுப்பகுதியில் விழும், அங்கேதான் ஆழ்ந்த ஓசை. இடது முன்கை சட்டத்தின் மேல் படிந்திருக்கும், சிண்டுக்குச்சி தோலின் குறுக்கே கிடந்து கூர்மையான ஓசை தரும். அடிப்பதற்கு முன் காய்ச்ச வேண்டும். காய்ந்த சருகும் வைக்கோலும் போதும். "தோல தீயில காட்டாத, சூட்டுல காட்டு" என்பார் பெரியவர். பறையைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, விரலால் சுண்டிப் பார்த்தால் மந்தமான ஓசை மெல்ல ஏறிவரும். ஏறி நின்ற இடத்தில் எடுத்துவிட வேண்டும், பேராசைப்பட்டால் தோல் வெடிக்கும். சூளையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை நாங்கள் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. மழைக்காலத்துக்கு இப்போது பைபர் தோல் வந்துவிட்டது, திருகாணியில் இறுக்கிக்கொள்ளலாம். இரண்டிலும் பழகுங்கள்.

இப்போது பேண்டு செட் தம்பி காட்டிய ஒரு விஷயம். ஒருநாள் அவன் கைபேசியை நீட்டி, "அண்ணே, நாம அடிக்கிற கடைசிப் பாடம் இதுல இருக்கு" என்றான். ஸ்னேர் டிரம் வகுப்பு அது. 'த கு த த, கு த கு கு' என்று நாங்கள் சொல்வதை அவர்கள் வலது, இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது என்று அடிக்கிறார்கள். பாரடிடில் என்று பேர் வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட அடிப்படை அடிகளை ரூடிமெண்ட் என்கிறார்கள். 1933இல் அமெரிக்க டிரம் கலைஞர்கள் சிகாகோவில் கூடி 13 அடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், அது 26 ஆனது, 1984இல் 40 என்று ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். வலது இடது மாற்றி மாற்றி அடிப்பதற்கென்றே ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் என்பவர் எழுதிய 'ஸ்டிக் கண்ட்ரோல்' 1935இல் வந்த புத்தகம். இன்றும் டிரம் பழகுகிறவர்கள் அதை வைத்துத்தான் கையைச் சூடேற்றுகிறார்கள்.

நாங்கள் வெகுநேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்னேர் டிரம்மும் செய்தி சொன்ன கருவிதான். ஐரோப்பியப் படைகளில் எழு, நட, நில், தாக்கு என்ற கட்டளைகளைச் சிப்பாய்களுக்கு எடுத்துச் சொன்னது அந்த டிரம். பறை என்ற சொல்லுக்கும் அறிவித்தல் என்றுதான் பொருள், மலையாளத்தில் இன்றும் பறைதல் என்றால் பேசுதல். ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைத்தது தொல்காப்பியம். வேலை ஒன்று, அடியும் கிட்டத்தட்ட ஒன்று. அங்கே அடித்தவருக்குப் படையில் ஓர் இடம் கிடைத்தது, பிறகு சங்கமும் பாடப்புத்தகமும் வந்தன. இங்கே அடித்தவர் மீது ஒரு சாதியை ஏற்றி, அதை அவர் பிள்ளைக்கும் பேரனுக்கும் இறக்கி வைத்தார்கள். எங்கள் பெரியவர் படித்த வகுப்பறை அடுத்தவர் வீட்டுப் பிணத்தின் முன்னால் இருந்தது. ஒன்பது வயதில் அப்பாவின் பின்னால் நடந்து கற்றுக்கொண்டார். அவருக்குத் தெரிந்த அடிகளுக்கு யாரும் எண் போடவில்லை. இப்போது நாங்கள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். சாமியாட்ட அடி, மருள் அடி, வாழ்த்தடி, சாவு அடி, டப்பா அடி என்று பேர் எழுதி, பக்கத்தில் சொற்கட்டும் எழுதுகிறோம். கேள்விப்பட்ட பேர்கள் எல்லாவற்றுக்கும் அடி கிடைத்துவிடவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில்தான் உங்களோடு ஒரு வாதம் செய்ய வேண்டும். எங்கள் பயிற்சியைப் பார்க்க வந்த ஒருவர், நல்ல மனிதர்தான், மனம் நெகிழ்ந்து சொன்னார்: "இது உங்க ரத்தத்துலயே ஊறினது." நாங்கள் சிரித்து வைத்தோம். பொம்மைப் பட்டறைத் தங்கை மட்டும் கையை விரித்துக் காட்டினாள். "ரத்தத்துல இருந்தா எதுக்கு சார் ஆறு வாரமா இந்தக் கொப்புளம்?"

நம் ஆட்களே இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், மேடையிலும் சொல்கிறார்கள். தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். ரத்தத்தில் இருக்கிறது என்ற பாராட்டும், நீ இதற்கென்றே பிறந்தவன் என்ற இழிவும் ஒரே கிணற்றுத் தண்ணீர். பிறப்பு ஒருவர்மேல் ஒட்டவைத்த தொழிலை உடைக்கச் சொல்லித்தான் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதினார். ரத்தத்தில் இருப்பதற்கு யார் கூலி கொடுப்பார்கள்? தானாக வருவதற்கு யார் பயிற்சிக்கூடம் கட்டுவார்கள்? யாரைக் கலைஞர் என்று கூப்பிடுவார்கள்? பழகிப் பழகி மணிக்கட்டில் ஏற்றிய ஒரு திறமையை 'ரத்தம்' என்று சொல்லிவிட்டால், அதற்குள் இருக்கும் பல ஆண்டு உழைப்பு காணாமல் போய்விடுகிறது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாங்கள் மகிழ்ந்ததும் இதற்காகத்தான். அந்தப் பேரோடு ஒட்டியிருப்பது ஆசான் என்ற சொல். கற்பிக்கிறவர் இருக்கிறார் என்றால் இது கற்றுக்கொள்ளும் வித்தை, எந்த வீட்டுப் பிள்ளையும் கற்றுக்கொள்ளலாம்.

இந்த வாதத்துக்கு எங்களுக்கே ஒரு சோதனை வந்தது. நாங்கள் ஓரளவு நன்றாக அடிக்கத் தொடங்கிய செய்தி பரவியது. பக்கத்து ஊரிலிருந்து ஒருவர், எங்களிடம் வராமல், ஒரு பையனின் அப்பாவிடம் போய் நின்றார். "பசங்க நல்லா அடிக்கிறாங்களாமே. நாளைக்கு ஒரு சாவு, அனுப்பி வை." கேட்கும் தொனிகூட இல்லை. அந்த அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். அவர் வேலை செய்வது அவர்கள் நிலத்தில்.

அன்று இரவு நாங்கள் சண்டை போட்டுக்கொண்டோம். சட்டம் தெரிந்தவர்கள் சட்டம் பேசினோம். அரசமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தங்களோடு, பட்டியல் சாதியினரை வெட்டி வேலை வாங்குவதையும், பிணம் சுமக்கவோ குழி வெட்டவோ கட்டாயப்படுத்துவதையும் குற்றம் என்கிறது. பேண்டு செட் தம்பி கேட்டான்: "நான் காசுக்குச் சாவுக்கு வாசிக்கிறவன்தான். அது தப்பா? எங்க வூட்டு அரிசி அதுலதான் வருது." அவனுக்கு நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. கூலி பேசி, வேண்டாம் என்றால் விலகும் உரிமையோடு செய்கிற வேலை வேறு, வாசலில் வந்து நின்று அழைத்துப் போவது வேறு என்று பிறகு சொன்னோம். அவன் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. பசி இருக்கும் வீட்டில் விலகும் உரிமை எவ்வளவு தூரம் உரிமை என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் எங்களோடுதான் இருக்கிறது.

வழி சொன்னது பெரியவர்தான். "அடிக்கலாம்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை தோறும் இங்க சொல்லித் தராங்க, காசு இல்ல. அவங்க வூட்டுப் புள்ளைங்களும் வந்து கத்துக்கட்டும். எங்க புள்ளையும் உங்க புள்ளையும் ஒண்ணா நின்னு அடிப்பாங்க, யார் வூட்டுச் சாவுன்னாலும். அப்ப நானும் வரேன்னு சொல்லு."

அதையே பதிலாகச் சொல்லி அனுப்பினோம். ஒருவரும் வரவில்லை, மறுபடி கேட்கவும் இல்லை. அந்த அப்பாவுக்கு மூன்று வாரம் வயலில் வேலை தரவில்லை. குழுவில் பணம் போட்டு அந்த மூன்று வாரத்தைக் கடந்தோம். நான்காவது வாரம் நடவுக்கு ஆள் கிடைக்காமல் அவர்களே கூப்பிட்டார்கள். இதை வெற்றி என்று சொல்ல மாட்டோம். அழைப்பு இன்னமும் நிற்கிறது என்று மட்டும் சொல்கிறோம்.

பெண் தோழர்களுக்குத் தனியாக ஒரு சொல். அந்தத் தங்கையின் அம்மா முதலில் திடலுக்கு வந்து சண்டை போட்டார். பொம்பளைப் பிள்ளை மேளம் தூக்கினால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்டார். இப்போது அவர் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைக்கும்போது மகளின் கணக்கு பிசகினால் உள்ளே குரல் கொடுக்கிறார். கேட்டுக் கேட்டு அவருக்கும் மனப்பாடமாகிவிட்டது. இது ரத்தத்தில் வந்ததல்ல.

போன மாதம் ஒரு மாலை, பயிற்சி முடிந்து குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தோம். பெரியவர் ஒரு ஜோடி குச்சியை எடுத்து டயர் பலகை முன் உட்கார்ந்தார். வலது கையால் எட்டு, இடது கையால் எட்டு. நான்கு நான்கு. இரண்டு இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம், எது வலது, எது இடது என்று தெரியவில்லை. முடித்ததும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "பழக்கம் விட்டுப்போச்சு" என்றார். பறையை அவர் இன்னும் தோளில் மாட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

ஆகவே எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்ட தோழர்களே, முதலில் உங்கள் ஊரில் இதை அடித்தவர், அடிக்க மாட்டேன் என்று விட்டவர், இருவரிடமும் போய் உட்காருங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்து கையை உதறுங்கள். வலது எட்டு, இடது எட்டு. ஆர்ப்பாட்டத்துக்கு முந்தின நாள் அல்ல, இன்றைக்கே. இந்தப் பக்கம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் ஓசை கேட்கிற திசையில் நடந்து வாருங்கள். இரண்டு குச்சி கொண்டு வந்தால் போதும், டயர் எங்களிடம் நிறைய இருக்கிறது.

ஜெய் பீம்.